இரண்டு தொண்டைகளும் ஒரு கோடை விடுமுறையும்

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு டான்சிலை எப்படி எடுப்பது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு உங்கள் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கள் கையில் இருந்ததைவிட நல்ல கருவிகளும் வந்துவிட்டன. ஓய்வு பெற்ற என்னிடம் மிச்சம் இருப்பது முழங்கால் வலியும் சில கதைகளும்தான். எதை எடுக்காமல் விடுவது என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் வளவளவென்று போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதெல்லாம் மே மாதம் வந்தால் எங்களுக்கு டான்சில் சீசன். பள்ளிக்கூடம் மூடியதுதான் தாமதம், ஜவுளிக்கடைக்கு வருவது போலக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். லீவிலேயே முடித்துவிட்டால் வகுப்பு போகாதாம். அக்காவுக்கு எடுக்கும்போது தம்பிக்கும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே அலைச்சலோடு போயிற்றாம். பிள்ளைகளோ ஆபரேஷன் முடிந்ததும் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத் தாங்களே வாயைத் திறந்து காட்டும். டான்சில் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "சதை வளந்திருக்கு" என்பார்கள். வளர்ந்தது என்று சொல்லிவிட்ட பிறகு வெட்டுவதுதானே முறை? நகமும் முடியும் அப்படித்தானே?

அந்தச் சதை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. படித்துப் பட்டம் வாங்கிய நாமும் சீசன் கூட்டத்தில் அதை மறந்துவிடுவோம். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே வரும் கிருமி முதலில் முட்டுவது அந்த இடத்தில்தான். தொண்டையின் இரு பக்கமும் டான்சில். மூக்குக்குப் பின்னால், வாயைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அடினாய்டு. வந்த கிருமியைப் பிடித்து இன்னது என்று அடையாளம் கண்டு, அதை எதிர்க்கும் பொருள்களைத் தயார் செய்ய உடம்புக்குக் கற்றுக்கொடுப்பவை இவை. சின்ன வயதில் பார்க்கிற கிருமியெல்லாம் புதுக் கிருமி என்பதால் அப்போது வேலை ஜாஸ்தி, அதனால் உருவமும் பெரிது. வயது ஏற ஏறத் தானே சுருங்கிவிடும். பெரிதாக இருக்கிறது என்பது மட்டுமே நோய் ஆகாது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கதைக்கு வாருங்கள்.

2009 கோடை. நான் கடலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நோயாளிகளைப் பார்ப்பேன். புவனகிரி, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து ஜனங்கள் கடலூர் வரை அலையாமல் அங்கே வந்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை வளர்மதி என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு மாடி ஏறி வந்தாள். பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். அதனால் குடும்பத்துக்குப் பெரியவராகக் கணவரின் அண்ணன், அவளுக்கு மாமா முறை, கூட வந்திருந்தார். பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு வலிக்கிறவர். வெயிலில் காய்ந்த உடம்பு, ஊரையே கூப்பிடுகிற குரல். பிள்ளைகள் இரட்டையர், ஆறு வயது. பையன் தினேஷ், பெண் திவ்யா.

"இவனுக்கு சதை வளந்து கெடக்கு டாக்டரம்மா. நானே டார்ச் அடிச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் நெல்லிக்கா மாதிரி நிக்குது. எடுத்துடுங்க" என்றார் பெரியவர்.

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரெட்டப் புள்ளைங்க இல்லியா? சேத்து எடுத்துடுங்க."

அவர்கள் தெருவில் அது வழக்கம். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குச் செய்வதை அதே நாளில் மற்றதற்கும் செய்ய வேண்டும். காது குத்தினாலும் மொட்டை அடித்தாலும் புதுத்துணி எடுத்தாலும் அப்படித்தான். செய்யாவிட்டால் விடுபட்ட பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாக இருக்கிற தொண்டையை வழக்கத்துக்காக வெட்டச் சொல்கிறாரே மனிதர் என்று.

பையனைப் பார்த்தேன். நெல்லிக்காய் என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் பையன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சுகமாக மூச்சு விடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், சத்தம் இல்லாமல் தூங்குகிறான். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் தானே போய்விட்டிருக்கிறது. வேலை செய்கிற டான்சில் அது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் திவ்யா நின்ற விதம் என் கண்ணில் பட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை. நான் பேசும்போது அவள் என்னைப் பார்க்காமல் தினேஷின் வாயையே பார்த்தாள். "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. தினேஷ் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "ஓம் பேரு கேக்கறாங்க!" என்று கத்தினான். அவள் உடனே "திவ்யா" என்றாள்.

"அவ கொஞ்சம் மந்தம் மேடம். நாலு தடவ சொன்னாத்தான் காதுல வாங்குவா. இவன்தான் அவளுக்கு எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுவான்" என்றாள் வளர்மதி.

பிள்ளைகள் படித்தது ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி. ஜூன் மாதம் பையனை இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவதாகவும், பெண்ணை ஒன்றிலேயே உட்கார வைப்பதாகவும் சொல்லியிருந்தார்களாம். இவ்வளவு நாள் அவளுக்குக் காதாக இருந்தவன் அடுத்த அறைக்குப் போய்விடுவான். அவள் தனியாக உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், மந்தம் என்ற பெயரை நிரந்தரமாக வாங்கிக்கொள்வாள்.

"ராத்திரி குறட்டை விடுவாளா?"

வளர்மதி சிரித்துவிட்டாள். "ஐயோ, எங்க வூட்ல டீசல் இஞ்சின் ஓட்ற மாதிரி இருக்கும். நடுவுல சத்தமே நின்னுபோவும். நான் எழுந்து புரட்டிப் போடுவேன்."

காதைப் பார்த்தேன். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கட்டியிருந்தது. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். மதியம் படம் வந்தது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீங்கி வழியையே அடைத்துவிட்டிருந்தது. மூச்சுக்கும் வழி இல்லை, காதுக்குள் காற்றுப் போகிற குழாய்க்கும் வழி இல்லை. மந்தமும் இல்லை, மண்ணும் இல்லை, காது கேட்காத பிள்ளை அது. அடினாய்டை எடுத்து, காதில் இருந்த நீரையும் வடித்துவிட்டால் அவளுக்கு ஒலி திரும்பக் கிடைக்கும் என்று நம்பினேன். இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எரிச்சல்பட்ட அதே வழக்கம்தான் அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. இரட்டையாகப் பிறக்காமல் இருந்திருந்தால் அவளை அன்றைக்கு யாரும் கூட்டி வந்திருக்கமாட்டார்கள்.

"பையனுக்கு வேண்டாம். பெண்ணுக்கு மட்டும் கட்டாயம் செய்யணும்" என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவனுக்கு வெளியவே தெரியுது. அவ வாயத் தொறந்தா ஒண்ணுமே தெரியல. தெரியறத விட்டுட்டுத் தெரியாதத வெட்றேன்றீங்க. இன்னா கணக்கு இது?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். டான்சில் என்பது வாசலில் நிற்கிற போலீஸ் மாதிரி என்று ஆரம்பித்தேன். "போலீஸ் நிக்கறது நல்லதுன்னு ஒங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றார். வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்து, அவர் தினமும் பார்க்கிறதைச் சொன்னேன். "ஒங்க ஊர்ல தண்ணி ஓரமா சுரபுன்னைக் காடு நிக்குதே, அது எதுக்கு?"

"சுனாமி அலை வந்த அன்னிக்கு அதுதான தாங்குச்சு? காடு இல்லன்னா எங்க தெருவே இல்ல."

"இந்தப் பையன் தொண்டையில நிக்கிறது அதுதான். வர்ற அடியை முதல்ல அது வாங்கிக்குது. அந்தப் பொண்ணுக்கு அதே காடு வளர்ந்து படகு போற வாய்க்காலையே அடைச்சிருக்கு. அங்க மட்டும் வெட்டணும்."

"வெட்டுனா அவளுக்குக் காவல் போயிடுமே?"

"போகாது. அடிநாக்குல, கழுத்துல, உடம்பு பூரா இன்னும் காடு இருக்கு. அது பாத்துக்கும். அடைச்சது மட்டும் போகட்டும்."

அவர் எக்ஸ்ரேவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. புரிந்த பிறகும் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ண உட முடியாது. ரெண்டு பேருக்கும் செய்யுங்க, இல்லன்னா வேணாம்." பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை கடலூரில் எங்கள் மூத்த சர்ஜனிடம் சொன்னேன். கெட்டிக்காரர், மோசமான மனிதரும் இல்லை. "பையனுக்கும் சேத்து எடுத்துடும்மா. பெரிசாத்தானே இருக்கு? யாரு தப்பு சொல்லப் போறாங்க? அந்தப் பொண்ணுக்குக் காது கெடைக்கும்ல?" என்றார்.

அந்த வாரம் முழுவதும் இந்தப் பேச்சு என்னைப் பிடுங்கித் தின்றது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு யோசனை வரும். கெட்ட எண்ணத்தோடு வராது, நல்ல காரியத்துக்காகத்தான் வரும். ஒரு தொண்டையைக் கொடுத்து ஒரு காதை வாங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மயக்க மருந்து விளையாட்டு இல்லை. டான்சில் எடுத்த இடத்தில் பிற்பாடு சில பிள்ளைகளுக்கு ரத்தம் கசியும். தேவைப்பட்ட பிள்ளைக்கு அப்படி ஆனால், அவசியம் இருந்தது என்று தாயிடம் சொல்லலாம். தேவையே இல்லாத பிள்ளைக்கு ஆனால் என்ன சொல்வது? உங்கள் மாமாவைச் சம்மதிக்க வைக்கத்தான் உங்கள் மகனை வெட்டினேன் என்றா? என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அதோடு, ஜூன் நெருங்குகிறது, அந்தப் பெண் போனவள் போனவள்தானா என்ற பயமும் கூடவே இருந்தது. சரியான முடிவு எடுத்தால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்தில் கூட்டம் முடியும் நேரத்தில் வளர்மதி வந்து நின்றாள். பிள்ளைகள் இருவரும் கூட இருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

"மாமா வரலையா?"

"கீழ டீக்கடையில இருக்காரு. கூப்ட்டா வரமாட்டேன்றாரு." அவள் உட்காரவில்லை. "மேடம், நான் ஒண்ணு கேக்கட்டுமா? அவளத் தனியா உள்ள தூக்கிட்டுப் போவீங்களா?"

"ஆமாம்மா. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள யாரும் வர முடியாது."

அவள் இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அலை வந்தன்னிக்கு இதுங்களுக்கு ரெண்டு வயசுகூட ஆவல. நான் ரெண்டையும் இடுப்புக்கு ஒண்ணா வெச்சுக்கிட்டு ஓடறேன். பின்னால வந்தவங்க, ஒண்ண எங்கிட்டக் குடு, ஓட முடியாதுன்னு கையப் புடிச்சு இழுத்தாங்க. நான் குடுக்கல. எந்தப் புள்ளையக் குடுப்பேன்? காட்டு ஓரமா மேடு ஏறுற வரைக்கும் உடல." திவ்யாவின் தலையைத் தடவினாள். "மாமா வழக்கம்னு சொல்றாரு. எனக்கு வழக்கம்லாம் தெரியாது. ஒண்ணு உள்ள போயி ஒண்ணு வெளிய நிக்கணும்னு நெனச்சாலே ஒடம்பு ஒதறுது."

நானும் பிள்ளை பெற்றவள்தான். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. ஒரு வாரமாக வழக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே இருந்த பயத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நோயாளி வீட்டார் முரண்டு பிடித்தால், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பாடம் எல்லாம் அதற்குப் பிறகு எடுக்கலாம்.

"மயக்கம் வர்ற வரைக்கும் நீ கதவுகிட்ட நில்லு. முழிச்சுக் கண்ணத் திறக்கும்போது உன் முகத்தைத்தான் பாப்பா. பையனும் அங்கேயே இருக்கட்டும். இது நான் பொறுப்பு" என்றேன்.

வளர்மதி முகம் தெளிந்தது. உடனே வேறு மாதிரி நெளிந்தாள். "மாமா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. வெட்ட வேணாம். அன்னிக்கு அவனுக்கு ஊசியாச்சும் ஒண்ணு போடுவீங்களான்னு."

டீக்கடையில் உட்கார்ந்து பெரியவரும் ஒரு வாரமாக வழி தேடியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. சத்து ஊசி என்று சொல்லி வெறும் தண்ணீரைக் குத்துகிற வேலையை நான் செய்யமாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. "அஞ்சு வயசுல போட வேண்டிய முத்தடுப்பு ஊசி போட்டாச்சா?"

"இல்ல மேடம். அப்ப எங்கம்மா வூட்ல இருந்தோம், ரெண்டு பேருக்கும் வுட்டுப்போச்சு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் வராமல் தடுக்கிற ஊசியும் அதில்தான் இருக்கிறது. டான்சில் தானாகச் செய்கிற அதே வேலையை, உடம்புக்குக் கிருமியை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற வேலையைத்தான் தடுப்பூசியும் செய்கிறது. பையனுக்கு அது நிஜமாகவே பாக்கி இருந்தது. பெண்ணுக்கு ஆபரேஷன் புண் ஆறிய பிறகு போடலாம். ஜன்னலைத் திறந்து கீழே டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். பெரியவர் கிளாசோடு நிமிர்ந்தார்.

"ஊசி உண்டு! தேவையான ஊசி!"

"தொண்டைக்கா?"

"தொண்டைக்குத்தான்!"

"அப்ப தேதி சொல்லுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

ஆபரேஷன் அன்று காலையில் கடலூருக்கு நாலு பேரும் வந்தார்கள். திவ்யா சாப்பிடக் கூடாது என்றதும் தினேஷும் இட்லியைத் தொடவில்லை. அவனைச் சாப்பிடச் சொல்லி நர்ஸ் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் வளர்மதியைக் கதவு வரை வரவிட்டார். உள்ளே என்ன செய்தோம் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. வெளியே வந்தபோது வார்டே அதிர்கிற அழுகை. ஊசி போட்டுக்கொண்ட தினேஷ்தான். திவ்யா சத்தம் இல்லாமல் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு" என்று தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். வார்டில் வெயில் ஏது?

தினேஷின் தொண்டைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2012இல், நான் சிதம்பரம் போவதை நிறுத்துவதற்குச் சற்று முன்பு, பெரியவர் அவனை இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். "டாக்டரம்மா, சதையைக் காணோம்!" என்றார் ஏதோ திருட்டுப் போன மாதிரி. பார்த்தேன். காணாமல் போகவில்லை, பாதியாகச் சுருங்கி ஓரமாக உட்கார்ந்திருந்தது. வேலை குறைய ஆரம்பித்திருந்தது. "நல்லவேளை, ஒங்கள வெட்ட உடல" என்றார், அப்போது வெட்டச் சொன்னது நான்தான் என்பது போல. நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இது அல்ல. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து, பள்ளி திறப்பதற்கு முன்னால் வந்த கடைசிச் சனிக்கிழமை, வளர்மதி பிள்ளைகளைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வந்தாள். திவ்யா வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். காதில் நீர் இல்லை. இருவரையும் இரண்டாம் வகுப்பில் ஒன்றாக உட்கார வைக்கும்படி பள்ளிக்கு நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேண்டுமென்றே தாழ்ந்த குரலில், "ஸ்கூலுக்குப் போகப் போறியா?" என்று கேட்டேன்.

தினேஷ் வழக்கம் போல அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். "ஸ்கூலுக்குப் போறியான்னு கேக்கறாங்க!" என்று அவள் மூஞ்சிக்கு நேரே கத்தினான்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏன்டா கத்துற?" என்றாள். "எனக்குக் கேக்குதுடா."